மீசைக்காரரின் எட்டாவது சாவு

"மச்சான்! எங்க வீட்ல செத்தவர் ஏழு தடவை எழுந்து வந்திருக்கார்! இந்தத் தடவைதான் வரல... ரெண்டு நாளாச்சு. இது கொலை!"

போனை வைத்த ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

தங்கை போய்ச் சேர்ந்து மூன்று மாதம். மாப்பிள்ளைக்குக் கழன்றேவிட்டது!

பத்தாவது நிமிடம் அந்த வீட்டுக் கூடத்தில் நின்றார்.

யானையே குளிக்கலாம், அவ்வளவு பெரிய கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர். பவளப் பாறைகள். மணலில்...

பிணம்!

சிவப்பு முதுகு. நடுவில் வெள்ளைக் கோடு. முழ நீள மீசை.

"யோவ் மாப்ள... இது இறால்யா!"

"மீசைக்காரர்னு சொல்லுங்க. உங்க தங்கச்சி வச்ச பேரு. காலைல செத்துக் கிடப்பார். 'என் அயோடின் எழுப்பிடும், பாருங்க'ம்பா. சாயங்காலம் வந்தா மீசைய ஆட்டிட்டு நிப்பார்! அவ கையால வளத்த உசுரு, மச்சான்..."

மாப்பிள்ளை தொட்டியின் கண்ணாடியைத் தடவினார்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு பிணம் எழுந்ததில்ல. எழுந்திருந்தா நான் பாதி கேஸ்ல தோத்திருக்க மாட்டேன்!"

அயோடின் பாட்டிலை எடுத்தார். இறாலுக்கு அயோடின் வேண்டும்; பாறையும் பாசியும் தண்ணீரிலுள்ளதை உறிஞ்சிவிடும். அதனால் தினம் ஒரு சொட்டு. பாட்டிலில் மாதத்துக்கொரு கோடு, தங்கையின் கையெழுத்தில்.

தான் இருக்கப்போகாத மாதங்களுக்கும் போட்டிருந்தாள்!

"ரெண்டு மடங்கு இறங்கியிருக்கு. அளவு மீறினா விஷம்! யார் விட்டது?"

"நான்தான்... காலைல ஒரு சொட்டு. 'பொண்ணுக்குப் பொறுப்பு பத்தாது, நீங்க விடுங்க, அவகிட்ட சொல்லாதீங்க'ன்னு ஆஸ்பத்திரியில சத்தியம் வாங்கினா."

கதவருகே நின்ற அவர் மகள் வெளிறினாள்.

"மாமா... சாயங்காலம் நானும் ஒரு சொட்டு விட்டேன். 'அப்பாவுக்கு மறதி, அவர்கிட்ட சொல்லாத'ன்னு அம்மா..."

இரண்டு சத்தியம். இரண்டு சொட்டு. ஒரு கொலை!

"அம்மாவோட மீசைக்காரர நாமளே கொன்னுட்டோமாப்பா?"

அப்பாவின் தோளில் விழுந்தாள். மூன்று மாதமாக ஆளுக்கொரு அறையில் அழுதவர்கள், முதல் தடவையாகச் சேர்ந்து அழுதார்கள்.

இன்ஸ்பெக்டர் இடுக்கியால் பிணத்தைத் தூக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

உள்ளே... ஒன்றுமே இல்லை!

வளரும்போது இறால் உரித்துப் போட்ட வெறும் தோல்!

பாறை இடுக்கில் இரண்டு மீசைகள் மெல்ல நீண்டன. புதுத் தோல் இறுகும்வரை ஒளிந்திருந்தவர், வெளியே வந்துகொண்டிருந்தார்.

அடிப்பாவி தங்கச்சி... ஏழு தடவையும் தோலை எடுத்து ஒளித்தது நீதானா?

தங்கையின் சிரிப்பு காதில் கேட்டது. கண்ணீர் மறைத்தது.

முப்பத்தைந்து வருட சர்வீஸில் செய்யாததை இன்ஸ்பெக்டர் செய்தார். தடயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்!

"மாப்ள... அழுதது போதும், திரும்பு!"

திரும்பினார்கள். மீசைக்காரர் மணலில் நின்று மீசையை ஆட்டினார்.

"அப்பா!"

"சொன்னேன்ல மச்சான்! நம்பினீங்களா?"

"நம்பறேன்யா. செத்தவர் எழுந்துட்டார், நானே சாட்சி. இனிமே ஒரே சொட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு விடுங்க. அப்புறம்... என் சட்டைப் பை ஏன் சொட்டுதுன்னு மட்டும் எவனும் கேக்கக் கூடாது!"