நல்லா இருக்கறமுங்க

"என்ன, இன்னும் பொங்கலையா?" அடுப்பிலிருந்த பாலைப் பார்த்துப் பிரத்யுஷா சும்மா கேட்டு வைத்தாள். பின்னாலிருந்து யாரோ பதில் சொன்னார்கள்.

"நல்லா இருக்கறமுங்க."

திரும்பினாள். சமையலறையில் யாருமில்லை. மூலையில் குப்பை வாளிதான் இருந்தது. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று அடுப்பைக் குறைத்தாள். மதியத்திலிருந்து கொட்டிய மழையில், நான்காவது மாடியிலிருந்த அந்த வீடு முழுக்க ஈரச் சுவர் வாசனை. பால்கனியின் கண்ணாடிக் கதவில் நீர் வழியும் ஓசை, லிஃப்ட்டின் முனகல், கீழே எங்கோ கடுகு வெடிக்கும் சத்தம் என்று எல்லாமே பழகியவை. அந்தக் குரலும் பழகியதுதான்.

அவள் கணவன் ரவிதேஜாவின் நிறுவனம் கோயம்புத்தூரின் அடுக்ககங்களிலும் மில்களிலும் குப்பை எடுக்கிறது. எடுத்த குப்பையை, கிணத்துக்கடவுக்கு அப்பால் தென்னந்தோப்புக்கு நடுவே ஓடையோரம் இருக்கும் ஷெட்டில், வடக்கிலிருந்து வந்த ஆட்கள் அங்கேயே தங்கிப் பிரிக்கிறார்கள். துணி ஏற்றுமதி செய்யும் ஒரு மில், தனக்குக் குப்பை எடுப்பவர்களும் யாரையும் அடைத்துவைத்து வேலை வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. சமூகப்பணி படித்தவளாயிற்றே என்று, மாதாமாதம் போய்ப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை ரவிதேஜா அவளிடமே கொடுத்திருந்தான். அவளுக்கும் அதில் பெருமைதான்.

போன முறை சூப்பர்வைசர் பாலுசாமி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கறமுங்க." ஒரே குரலில் வந்தது. அந்த 'ங்க'வில் அவள் மனம் குளிர்ந்துபோனது. எங்கிருந்தோ வந்து நம் மரியாதையைக் கற்றுக்கொண்டார்களே!

ஓரத்தில் நின்ற பெண்ணிடம், "உன் பேரென்னம்மா?" என்றாள்.

"நல்லா இருக்கறமுங்க."

"கையில என்ன, சுட்டுக்கிச்சா?"

"நல்லா இருக்கறமுங்க." அந்தப் பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

பாலுசாமி சிரித்தார். "மாமியா ஊட்டுக்கு வந்த புதுப்பொண்ணாட்டம், எதக் கேட்டாலும் அதையேதான் சொல்லுதுங்க அம்மணி."

பிரத்யுஷாவும் சிரித்தாள். புறப்படும்போது கதவின் வெளிப்பக்கம் தொங்கிய பூட்டைப் பார்த்தாள். "திருட்டு பயமுங்க," என்றார் அவர். குப்பையை யார் திருடப்போகிறார்கள்? காரில் ஏறிய பிறகுதான் அந்தக் கேள்வி தோன்றியது. ஏசியைக் கூட்டி வைத்தாள். எல்லோரும் நலம் என்று மில்லுக்குச் சொல்லிவிட்டாள்.

கரண்ட் போனது.

இருட்டில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. அந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை மெல்ல எழுந்தது; ஊறிய சாக்கு, பழைய எண்ணெய், நாளெல்லாம் காயாத மனித வியர்வை. வாளியின் மூடி லேசாக எழும்பி விழுந்தது. எலி. எலியாகத்தான் இருக்கும். செல்போன் வெளிச்சத்தில் மூடியைத் திறந்தாள். வெண்டைக்காய்க் காம்பும் தேங்காய் நாரும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அவற்றுக்கு அடியில், எங்கோ வெகு ஆழத்தில், தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

ஓடை.

ரவிதேஜாவைக் கூப்பிட்டாள்.

"காந்திபுரத்துல மாட்டிக்கிட்டேன் கண்ணு. பஸ் ஸ்டாண்டே முழுகிக் கெடக்குது. உனக்கு ஒரு பொடவ எடுத்தேன். மாம்பழக் கலரு. திட்டக்கூடாது."

"ஏனுங்க, ஷெட்டு பூட்டியிருக்குதா?"

"சாவி பாலுசாமிகிட்ட இருக்கும். அவரு ஊட்டுக்குப் போயிருப்பாரு."

"ஓடையில தண்ணி வந்தா? இப்பவே தொறக்கச் சொல்லுங்க."

"தொறந்தா ராவோட ராவா ஓடிப்போயிட்டாங்கன்னா? நாளைக்கு வண்டியில வர்ற குப்பைய யாரு பிரிப்பா? நீதான பாத்துப்போட்டு வந்து, நல்லா இருக்காங்கன்னு சொன்னே? பயப்படாத கண்ணு. கதவச் சாத்திட்டு உக்காரு. வாரேன்." குரலில் அத்தனை பிரியம்.

அவசர உதவி எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்து, "சொல்லுங்க," என்றாள். போலீஸ் போகும். பூட்டை உடைக்கும். பிறகு ரவிதேஜாவைத் தேடி இங்கே வரும். மாம்பழ நிறப் புடவையோடு படியேறி வருகிறவனைத் தேடி.

துண்டித்தாள்.

"பாலுசாமி பாத்துக்குவாரு," என்று இருட்டிடம் சொன்னாள்.

"நல்லா இருக்கறமுங்க," என்றது வாளி.

பிறகு பாத்திரம் கழுவும் தொட்டி. பிறகு குளியலறைக் குழாய். ஒரு ஆண். ஒரு கிழவர். மூச்சிரைக்க ஒரு பெண். ஒவ்வொரு முறையும் அந்தச் சொற்களுக்குள் தண்ணீர் புகுந்தது. 'நல்லா' மட்டும் வந்தது. பிறகு கொப்பளிப்பு.

காதைப் பொத்தினாள். உள்ளேயும் கேட்டது. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான். காப்பாற்று என்பதற்கும் அதுதான்.

மறுபடி அழுத்தினாள். அதே பெண்.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சனை?"

கிணத்துக்கடவு. ஷெட். பூட்டு. எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தன. வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கறமுங்க."

"என்னது?"

தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். பூட்டு. பூட்டு. பூட்டு.

"நல்லா இருக்கறமுங்க."

"நல்லா இருந்தா எதுக்கும்மா போன் பண்றீங்க? இந்த மழையில எங்களுக்கு ரெண்டு கை பத்தல." வைத்துவிட்டாள்.

குரல்கள் நின்றன. எல்லாமே, ஒரே நேரத்தில். மழையும் கேட்கவில்லை.

அது இன்னும் மோசம்.

பால்கனிப் பக்கம் நடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஊர் இல்லை. வானம் இல்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

தண்ணீர்.

நான்காவது மாடியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கறுப்பாக, அசையாமல் நின்றது. பிளாஸ்டிக் பைகள் அதில் மெல்ல விரிந்தன, சுருங்கின. அவற்றுக்கு நடுவே உள்ளங்கைகள். கண்ணாடியில் அப்பி, வெளுத்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. தட்டவில்லை. தடவின. மேலே. இன்னும் மேலே. கதவின் உச்சியில் ஒரு விரற்கடை அளவுக்குத்தான் காற்று மிச்சமிருந்தது.

அங்கே, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, அத்தனை வாய்களும் திறந்திருந்தன.