வெட்டி எடுத்த மௌனம்

நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் படி இறங்கும்போதே விரிவுரையாளர் இரண்டு முறை நின்றுவிட்டார். பயத்தால் அல்ல, பயப்படுவதற்கு அன்று இன்னும் காரணம் வாய்க்கவில்லை. அறை நிறையப் பிள்ளைகளை உட்கார வைத்துப் புள்ளியியல் நடத்தச் சொன்னால் அவர் நடத்திவிடுவார். பாதிப் பேர் தூங்குவார்கள். தூங்குகிறவர்கள் சந்தேகம் கேட்பதில்லை என்பதால் அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஆளே இல்லாத அறையில் ஒரு மைக்கைப் பார்த்துப் பாடம் நடத்துவதுதான் புதிது.

துறைத்தலைவர் சொல்லிவிட்டார். முன்பு ஒன்றிரண்டு பேர் மட்டும் செய்து வந்ததுதான், இனி எல்லாப் பாடமும் பாட்காஸ்டாக வர வேண்டும், கூடவே வீடியோவும். பிள்ளைகள் பேருந்திலோ படுக்கையிலோ கேட்டுவிட்டு வருவார்கள். வகுப்பில் விவாதம் மட்டும். "கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது சார். தாண்டினா எவனும் பார்க்க மாட்டான்" என்றார். விரிவுரையாளர் ஒப்பந்தத்தில் இருப்பவர், வருடா வருடம் கையெழுத்துக்குக் காத்திருப்பவர். தலையாட்டினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு நீண்ட அனுபவம் உண்டு.

பதிவு அறை ஒரு காலத்தில் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்த இடம். சுவரெங்கும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தும் ஈரக் காகிதத்தின் வாடை போகவில்லை. கதவைச் சாத்தியதும் உலகம் அறுந்துபோனது. தன் வயிறு இரையும் சத்தம் தனக்கே கேட்டபோது, காலையில் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கத்தரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒலிப்பதிவுக்காரர். எவ்வளவு பெரிய பேராசிரியர் பேசினாலும் கால் மணி நேரத்துக்குள் கத்தரித்துவிடுவார் என்பதால் வந்த பெயர்.

பாடம் ஒரு வழியாக முடிந்தது. ஒன்பது இருமல், கணக்கில்லாத 'அதாவது', ஒரு ஏப்பம்.

"எல்லாத்தையும் வெட்டிடலாம் சார்" என்றார் கத்தரி அண்ணன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, மௌனம் எடுக்க மறந்துட்டோமே."

"மௌனத்தையுமா எடுப்பாங்க?"

எடுப்பார்களாம். ஓர் இருமலை வெட்டினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அறையில் எப்போதும் இருக்கும் மெல்லிய ரீங்காரம் சட்டென்று அறுந்தால் காது கண்டுபிடித்துவிடும். அதனால் பேசி முடித்ததும் எல்லோரும் வாயை மூடி உட்கார்ந்து, வெறும் அறையைச் சற்று நேரம் பதிவு செய்துகொள்வார்கள். ஓட்டைகளில் அந்த மௌனத்தை ஒட்டிவிடுவார்கள்.

வெளியே வந்துவிட்டிருந்த விரிவுரையாளர் பதிவு அறைக் கதவைப் பார்த்தார். மறுபடி உள்ளே போக அவருக்கு மனமில்லை.

"விடுங்க சார்" என்றார் கத்தரி அண்ணன். "இதே அறையில எடுத்த பழைய மௌனம் என்கிட்ட இருக்கு. நிறையவே இருக்கு."

பாடங்கள் ஒவ்வொன்றாக வெளியாயின. யாரும் எதிர்பார்க்காதது நடந்தது, குறிப்பாக விரிவுரையாளர் எதிர்பார்க்காதது. பிள்ளைகள் கேட்டார்கள். முழுதாகக் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். துறைத்தலைவர் நடைபாதையில் நிறுத்திக் கை கொடுத்தார்.

வீட்டில் முதல் ரசிகை அவர் மனைவி. அவள் தையற்காரி, முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தைத்தபடியே கணவனின் பாடத்தோடு சண்டை பிடிப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"ஏங்க, வெட்டினது போகவும் இந்த 'அதாவது'வுக்கு ஒரு அளவு வேண்டாமா? துணியா இருந்தா பிடிச்சுத் தைச்சிருப்பேன்."

"அது பாடம்டி. நீ எதுக்குக் கேக்குற?"

"நேர்ல என்னைப் பேச விடுறீங்களா? இதுலயாவது உங்களுக்குப் பதில் சொல்லிக்கறேன்."

ஒருநாள் சாயங்காலம் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். "நடுவுல வர்றாங்களே, அந்தம்மா யாரு?"

"எந்தம்மா?"

"நீங்க மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் 'சொல்லுங்க'ன்னு கேக்கறாங்களே. எவ்வளவு பொறுமை! நாம சொல்ற வரைக்கும் இருக்காங்க. உங்களுக்கு அதுல கால்வாசி இருந்திருந்தா நானும் ஒரு டிகிரி வாங்கியிருப்பேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். தன் குரல். பிறகு இருமலை வெட்டிய இடம். அதில் குரல் எதுவும் இல்லை, அறையின் ரீங்காரம் மட்டும்தான். ஆனால் அது காலி அறையின் மௌனமாக இல்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு, எதிரே இருப்பவர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருக்கும் மௌனமாக இருந்தது.

மறுநாள் கல்லூரியில், எந்தெந்த இடத்தைப் பிள்ளைகள் அதிகம் திருப்பிப் பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தார். மலை மலையாக எழும்பியிருந்தது. பெருமையோடு ஒவ்வொரு சிகரத்தையும் சொடுக்கிப் பார்த்தார். எல்லாமே அவர் பேசாத இடங்கள். ஒருவகையில் நியாயம்தான் என்று முதலில் தோன்றியது.

வகுப்புக்குப் போனார். யாரும் தூங்கவில்லை. எல்லோர் காதிலும் இயர்போன். ஒருவர் கண்ணும் இவர் பக்கம் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. சற்று நிற்கும்; மறுபடி அசையும்.

எல்லா உதடுகளும் ஒரே நேரத்தில்.

வீட்டுக்கு ஓடினார் என்றே சொல்ல வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டதும் உயிர் வந்தது. கடகடவென்று ஓடியது. நின்றது.

"பதினாலு" என்றாள் உள்ளே மனைவி.

மெஷின் ஓடியது. நின்றது.

"இல்லம்மா. அது மாதிரிக்குத்தான் பொருந்தும். மொத்தத்துக்கு வேற சூத்திரம்."

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அவர் இரண்டு வருடமாகப் புள்ளியியல் வகுப்பில் மாணவர்கள் மண்டையில் ஏற்றப் பார்த்துத் தோற்ற விஷயம் அது.

"இந்தா, இங்க பாரு" என்று தோளைத் தொட்டார். திரும்பவில்லை. ஊசிக்கடியில் துணியே இல்லை. வெறும் தகட்டின் மேல் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நூறு முறை 'என்னங்க' என்று கூப்பிட்டு அவர் பிராணனை வாங்குகிறவள், அன்று இரவு படுக்கும் வரை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. இயர்போனைப் பிடுங்கினார். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். வேண்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம். அவள் வெறுமனே கையை நீட்டினாள், திருப்பித் தரும் வரை.

காலையில் கத்தரி அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"அந்த மௌனம் யாரோடது அண்ணே?"

கத்தரி அண்ணன் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி இந்தப் பாடத்தை எடுத்தவங்க. பிள்ளைங்க 'சொல்லுங்க மேடம்'னு பேர் வெச்சிருந்தாங்க. கேள்வி கேட்டுட்டு, 'சொல்லுங்க'ன்னு நிப்பாங்க. பதில் வர்ற வரைக்கும் நகர மாட்டாங்க. எந்தப் பிள்ளையையும் விட்டுட்டுப் போக அவங்களுக்கு மனசு வராது சார்."

"இங்கயுமா?"

"இங்கயும்தான். 'மேடம், எதிர்ல யாருமே இல்ல, அடுத்ததுக்குப் போங்க'ன்னு கண்ணாடி வழியா கையை ஆட்டுவேன். 'கொஞ்சம் இருங்க, பின்னாடி ஒரு பிள்ளை யோசிக்குது'ம்பாங்க." குரல் கம்மியது. "கால் மணி நேரக் கணக்கு இருக்கே. அவங்க காத்திருந்ததை எல்லாம் வெட்டிட்டேன். தூக்கிப் போட மனசு வரல. ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சேன்."

"அவங்க இப்போ எங்க?"

"இங்கதான் சார் போனாங்க. அந்த நாற்காலியிலதான். ஒரு கேள்வி கேட்டாங்க, 'சொல்லுங்க'ன்னாங்க. வழக்கம்போல காத்திருக்காங்கன்னு நினைச்சு, வெட்ட வேண்டிய இடம்னு குறிச்சு வெச்சுட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான்..."

அவர் ஹெட்போனை இன்னும் தள்ளி வைத்தார்.

"அந்த மௌனமும் அதுல இருக்கா?"

"இருக்கறதுலயே நீளமானது அதுதான் சார். உங்க பாடத்துல எல்லாம் அதைத்தான் துண்டு துண்டா ஒட்டியிருக்கேன்."

விரிவுரையாளர் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் அழிங்க. என் பாடம், அந்த ஃபோல்டர், எல்லாத்தையும்."

"ஒப்பந்தம் போயிடும் சார். இந்தப் பாடங்களுக்காகத்தான் உங்களை..."

"போகட்டும் அண்ணே. வீட்ல என்னைத் திட்ட ஆள் இல்லாம நான் சம்பாதிச்சு என்ன பண்ணப்போறேன்?"

பாடங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. கடைசியாக அந்த நீண்ட மௌனம். அழிக்குமுன் கத்தரி அண்ணன் என்ன நினைத்தாரோ, அதை ஓடவிட்டார். ஒலிபெருக்கியில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சத்தத்தின் அளவைக் காட்டும் முள், ஒருவர் மெல்லப் பேசுவது போல, எழுந்து தாழ்ந்தது.

எழுந்தது. தாழ்ந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்று முணுமுணுத்து, கத்தரி அண்ணன் பொத்தானை அழுத்தினார்.

முள் படுத்துவிட்டது. ஈரக் காகிதத்தின் வாடைகூடச் சற்றுக் குறைந்தாற்போல் இருந்தது.

அவர் வீடு வந்தபோது நல்ல வெயில். கதவைத் திறந்ததும், "என்னங்க, இப்படி வேகாத வெயில்ல வர்றீங்களே, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று குரல் வந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏறக்குறைய" என்றார்.

"நல்லதாப் போச்சு. வந்து பித்தான் தைங்க. 'அதாவது' சொல்லாம தைக்கணும்."

அவள் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். இயர்போனைக் குப்பைக்கூடையில் எறிந்தார். அவள் திட்டினாள். திட்டட்டும் என்று, பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர் போல உட்கார்ந்து கேட்டார். சாப்பாடு போட்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் ரவிக்கை அளவு மாதத்துக்கு மாதம் ஏறுவதைப் பற்றிச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தார்கள்.

எந்த வீட்டிலும் வருவது போல, இரண்டு பேச்சுக்கு நடுவே ஒரு சின்ன அமைதி வந்தது.

அவள் கை சோற்றில் அப்படியே நின்றது.

தலை மெல்ல, அறையின் வெறும் மூலைப் பக்கம் சாய்ந்தது.

"உள்ளேன் அம்மா" என்றாள்.

கையிலிருந்த கவளத்தை அவர் தட்டில் போட்டார். அடுத்த நொடியே பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. துறைத்தலைவரின் நடை, கத்தரி அண்ணனின் ஹெட்போன், கல்யாணத்தன்று தன் செருப்பு தொலைந்த கதை. இடைவெளி விடாமல், புள்ளி வைக்காமல், ஒரு சொல்லின் வாலைப் பிடித்து அடுத்த சொல்லை இழுத்தார். அவள் முகம் திரும்பியது. கண்ணில் பழைய குறும்பு வந்தது. "என்ன வாத்தியாரே, மெஷினை விட வேகமா ஓடுறீங்க?" என்றாள். ஓடுவேன், ஆயுசு முழுக்க ஓடுவேன் என்று நினைத்துக்கொண்டார். வெயில் சுவரில் ஏறி, மங்கி, போனது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். தொண்டை வறண்டது. குரல் கிழிந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

ஒரு மிடறு. அவ்வளவுதான்.

அந்த ஒரு மிடறுக்குள் வீடு முழுவதும் அடங்கியது. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். முழங்கையால் இடித்தாள்.

"உங்க பேரைத்தாங்க கூப்பிடறாங்க" என்று கிசுகிசுத்தாள். "சொல்லுங்க."