ஆள் இல்லை என்று எழுதிய தெரு

காற்றே அடிக்காத அந்த முற்பகலில் ஒன்பதாம் எண் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டு ஆடிக்கொண்டிருந்தது. பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. யாரோ இப்போதுதான் பூட்டிவிட்டுக் கையை எடுத்தது மாதிரி லேசாக. ஆனால் தெருவில் அவளைத் தவிர யாரும் இல்லை. நின்று பார்த்தாள், பூட்டும் நிற்கிற வழியாகத் தெரியவில்லை.

அவளுக்கு அந்த ஊர் வைத்த பெயர் பட்டியல்காரி. இந்த இடத்தை நகரத்தோடு சேர்ப்பதற்காக நான்கு மாதம் முன்பு வீட்டுக்கு வீடு எண் போட்டு, தலைகளை எண்ணி எழுதிக்கொண்டு போனவள் அவள்தான். ஊர் என்று சொல்வதே இப்போது ஒரு மரியாதைக்குத்தான். வயலில் மனைக்கல் நட்டாயிற்று. நகரத்தில் இடித்த சுவர், உடைந்த கழிப்பறைப் பீங்கான், அங்கே யாருக்கும் வேண்டாத நாய் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிக் குளத்தையும் மூடியாயிற்று. பதிலுக்கு நகரம் இங்கிருந்து எடுத்துக்கொண்டது ஆட்களை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்தபின் பிழிந்த துணியாகத் திருப்பி இறக்கும். நடுவில் பகல் முழுக்கத் தெருவெல்லாம் பூட்டுதான்.

பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போய்த் தட்ட வேண்டும், அதில் ஒன்று சாயங்காலமாக இருக்க வேண்டும் என்பது விதி. அவள் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, நாய்கள் வேறு விரட்டின. பெட்டிக்கடை நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்து, தெற்குத் தெருவின் இருபத்துமூன்று வீடுகளுக்கும் 'பூட்டு, ஆள் இல்லை' என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். அலுவலகத்திலேயே அவள் பட்டியல்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். எட்டு வருடமாக இழுபறியில் கிடந்த தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு இப்போது அவர் மேசையில் இருக்கிறது.

ஆள் இல்லாத தெரு என்று ஆனபிறகு புறவழிச் சாலையை அதன்மேலேயே இழுத்துவிட்டார்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? இன்று இடிப்பு. பட்டியல் எழுதியவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால் அவளை அனுப்பியிருந்தார்கள்.

பெட்டிக்கடைக்காரி இந்தத் தடவை ஸ்டூலை வெளியே எடுத்துப் போடவில்லை. ஒன்பதாம் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பட்டியல்காரி போகிற போக்கில் கேட்பது மாதிரி கேட்டாள். கடைக்காரி துணியால் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். அங்கே தபால்காரராக இருந்த பெரியவர் ஒருவர், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பார்த்துக்கொள்ள மகள் ஒருத்திதான், அவளும் கம்பெனி வேனில் போகிறவள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான், படுத்த ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். திறந்து போட்டால் ஊர்ந்து வந்து மண் லாரியில் மாட்டிக்கொள்வார்கள். இது இந்த ஊரில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா. நீதான் நிமிர்ந்தே பாக்கல."

பட்டியல்காரி திரும்பி ஒன்பதாம் வீட்டுப் பூட்டைப் பார்த்தாள். அப்படியென்றால் அவர் இப்போது உள்ளே இருக்கிறாரா என்று கேட்டாள்.

"அது தெரியாமத்தானே அந்தப் பொண்ணு பைத்தியமா அலையுது. உன் பட்டியலக் கொண்டாந்து ஒட்டுன அன்னைக்கு சாயங்காலம் வந்து பூட்டத் திறந்தா, கட்டில் காலி. போட்டது போட்டபடி பூட்டு. போர்வை மட்டும் சூடா இருக்காம். இன்னிக்கும் போய்த் தொட்டா சூடாத்தான் இருக்குதாம். இந்தத் தெருவுல படுத்த ஆளு அஞ்சு பேரு. அஞ்சு பேரையும் காணோம்." கடைக்காரி துடைப்பதை நிறுத்தினாள். "நீ எழுதுன நேரத்துல வீட்டுக்குள்ள இருந்தது அவங்க மட்டுந்தானே."

பட்டியலில் இருப்பதை எழுதிய கைதான் அடித்துத் திருத்த வேண்டும் என்று அலுவலகத்தில் அந்த மகளிடம் சொல்லிவிட்டார்களாம். அது பட்டியல்காரிக்கும் தெரியும். அந்தப் பெண் மூன்று தடவை வந்து அலுவலக வாசலில் நின்றபோது, சாப்பிடப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னது அவள்தானே. ஒரு கோடு போட்டால் போதும், அந்த வீட்டில் ஆள் உண்டு என்றாகிவிடும். பட்டியல் பொய் என்றும் ஆகிவிடும். வேலையும் போச்சு, எட்டு வருடமும் போச்சு.

இதெல்லாம் வேலையற்றவர்கள் கட்டிவிட்ட கதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் ஒன்பதாம் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். தெரு முனையில் இடிக்க வந்த பொக்லைன் திரும்பும் உறுமலும், டீசல் வாடையும், மூடிய குளத்திலிருந்து வெயிலில் கிளம்பும் சேற்று நாற்றமும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. கதவருகே போனதும் அதையெல்லாம் மீறிக்கொண்டு வேறொரு வாடை வந்தது. வலிக்குத் தேய்க்கிற தைலம், மாற்றாத படுக்கை, இரண்டுக்கும் அடியில் மனித மூச்சின் வெதுவெதுப்பு. விரலை மடக்கி ஒரு தடவை தட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

இரண்டு தடவை தட்டினாள். இரண்டு வந்தது. அவசரமில்லாத, மரியாதையான தட்டல். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கதவைத் தட்டிப் பழகிய கை. அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதன்பிறகும் தட்டல் வந்தது. பதினொன்றாம் வீட்டிலிருந்து. பிறகு எதிர்வரிசையில். பிறகு கோடி வீட்டில். பூட்டுகள் ஆடின.

பொக்லைன் அவள் பக்கத்தில் வந்து நின்றது. அதை ஓட்டுகிறவர் நல்ல மனிதர், வயது ஐம்பதுக்கு மேல். அவள் முகத்தைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். என்ன என்று கேட்டார். சத்தம் கேட்கிறதா என்றாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். ஒன்றும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்.

டொக். டொக். டொக்.

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க மேடம். உள்ள ஆள் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கைய வைக்கமாட்டேன். உங்க பட்டியல்ல அடிச்சுக் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. இருக்கா, இல்லையா?"

பேனா அவள் கையில்தான் இருந்தது. மூடிகூடக் கழற்றியாயிற்று. தாள் வியர்வையில் நனைந்திருந்தது. ஒன்பதாம் வரி. ஒரே ஒரு கோடு. உள்ளே தட்டல் நின்றது. காதை வைத்துக் கேட்கிறார் போல. காத்திருக்கிறார் போல.

மேலதிகாரியின் மேசை அவள் கண்ணில் வந்து நின்றது.

"இல்ல," என்றாள்.

சாவி திரும்பியது. உறுமல். இரும்புக் கை உயர்ந்தது. கதவு, நிலை, பூட்டு, முன்சுவர் எல்லாம் ஒரே தள்ளில் உள்ளே மடங்கி விழுந்தன. புழுதி எழுந்து கண்ணை மறைத்தது. மெல்ல அடங்கியது.

ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"காலிதான் மேடம். நீங்க எழுதுனது சரிதான்."

இடிபாட்டுக்கு நடுவே கட்டில் கிடந்தது. அதில் பெரியவர் படுத்திருந்தார். முகமெல்லாம் காரைப்பொடி. திறந்த கண்ணுக்குள்ளும் பொடி. இமைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரும்புக் கை அவருடைய கால்மாட்டில் இறங்கியது. நல்ல கை ஒன்று மட்டும் மேலே எழுந்தது. விரல்கள் மடங்கின. கதவும் இல்லாத, சுவரும் இல்லாத வெறும் வெயிலில் அந்தக் கை தட்டியது. மரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது.