புஷ்பவல்லி சட்டாம்பிள்ளை ஆன நாள்

 காலையில் அம்மா கொடுத்த இட்டிலியில் பாதியைப் புஷ்பவல்லி அப்படியே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு அவள்தான் வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை.

அது 1932ஆம் ஆண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், பலகையால் கட்டிய ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் படித்தார்கள். டோரிஸ் டீச்சர் வாரத்துக்கு ஒருத்தியைச் சட்டாம்பிள்ளை ஆக்குவார். கெட்டிக்காரி, பயந்தாங்கொள்ளி என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

“நாலு பேரை நடத்தப் பொம்பளைப் பிள்ளைங்களும் பழகணும்” என்பார்.

பத்து வயது புஷ்பவல்லிக்கு நாலு பேர் முன்னால் பேசவே பயம். இங்கே இருபத்து மூன்று பேர்!

“நான் பெரிய டீச்சரைப் பாத்துட்டு வரேன். புஷ்பா, பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு டோரிஸ் டீச்சர் வெளியே போனார்.

அவர் படியிறங்கியதுமே அறை பாசார் சந்தை மாதிரி ஆகிவிட்டது.

“ச... சத்தம் போடாதீங்க” என்றாள் புஷ்பவல்லி.

“என்னது? கொசு ஏதோ சொல்லுதுலா!” என்றாள் கடைசி வரிசையில் இருந்த சந்திரகலா. அவள்தான் வகுப்பிலேயே உயரமானவள். எல்லாரும் சிரித்தார்கள்.

புஷ்பவல்லிக்குக் காது சூடானது. பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதலாம் என்று திரும்பினாள். அவசரத்தில் சாக்குக்கட்டி கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தாள்.

பெஞ்சுகளுக்கு அடியில் வரிசை வரிசையாகச் செருப்பில்லாத கால்கள் தெரிந்தன. மூன்றாவது வரிசையில், குட்டிப் பெண் வள்ளியம்மாவின் கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன.

அந்தக் கால்களுக்கு ஒரு முழம் தள்ளி, கறுப்பாக, பளபளவென்று ஏதோ சுருண்டு கிடந்தது.

அது மெல்ல அசைந்தது.

நாகம்!

புஷ்பவல்லி ‘பாம்பு’ என்று கத்த வாயைத் திறந்தாள். உடனே பொத்திக்கொண்டாள்.

அவளுடைய அப்பா தண்டவாள ஓரத்தில் லாலாங் புல் வெட்டுகிறவர். பாம்புகளோடு தினமும் பழக்கம். ‘தரை அதிர்ந்தா அதுக்குப் பயம். பயந்தாதான் கொத்தும்’ என்று சோறு சாப்பிடும்போது சொல்வார்.

கத்தினால் எல்லாரும் தடதடவென்று ஓடுவார்கள். பலகைத் தரை அதிரும். வள்ளியம்மா கீழே குதிப்பாள்.

கத்தக் கூடாது.

அவள் எழுந்தாள்.  முதல் வரிசையில் இருந்த பிலோமினாவின் காதருகே குனிந்தாள்.

“ஒரு விளையாட்டு. எல்லாரும் பூனை மாதிரி நடந்து வெளியே போகணும். யார் கால் சத்தம் கேக்குதோ அவங்க அவுட்டு. பக்கத்துல காதோட சொல்லு.”

பிலோமினா பக்கத்தில் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். என்ன ரகசியம் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் எல்லாரும் வாயை மூடிக் காதைக் கொடுத்தார்கள். அறை அமைதியானது.

முதல் வரிசை நுனிக்காலில் வெளியே போனது. அடுத்து இரண்டாவது. ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டு போனாள்.

புஷ்பவல்லி மூன்றாவது வரிசைக்கு வந்தாள். கீழே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“வள்ளி, காலைத் தூக்கிப் பெஞ்சு மேல வை.”

“ஏன்க்கா?”

“உனக்கு மட்டும் தனி விளையாட்டு. பெஞ்சு மேலேயே நடந்து வா.”

வள்ளியம்மா சந்தோஷமாகப் பெஞ்சின் மேல் ஏறி நடந்தாள். பெஞ்சின் நுனியில் புஷ்பவல்லி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பின்வரிசைப் பிள்ளைகளைச் சுவரோரமாக வரும்படி கை காட்டிவிட்டு, வாசலைத் தாண்டினாள்.

வெளியே வந்ததும் எண்ணினாள். இருபத்திரண்டு.

மறுபடியும் எண்ணினாள். இருபத்திரண்டுதான்.

“சந்திரக்கா எங்கே?”

யாருக்கும் தெரியவில்லை. புஷ்பவல்லி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சந்திரகலா கடைசிப் பெஞ்சின் மேல் நின்றிருந்தாள். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளும் குனிந்து பார்த்திருக்கிறாள். முகம் வெளுத்து, வாய் திறந்தபடி இருந்தது. குரல் வரவில்லை. நாகம் இப்போது பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த நடைவழிக்கு வந்து படம் எடுத்து நின்றது.

புஷ்பவல்லியின் கண்ணில் நீர் முட்டியது. டீச்சரைக் கூப்பிட ஓடலாம். ஆனால் அதற்குள் சந்திரக்கா கீழே குதித்துவிட்டால்?

“பிலோ, பெரிய டீச்சர் ரூமுக்குப் போ. பாம்புன்னு சொல்லு. மத்தவங்க யாரும் உள்ள வராதீங்க” என்றாள்.

பாம்பு என்றதும் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். பிலோமினா பறந்தாள்.

புஷ்பவல்லி உள்ளே நுழைந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே நாலு அடி வைத்தாள்.

“சந்திரக்கா, அதைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க.”

சந்திரகலாவின் உதடு துடித்தது. “உ... உனக்குப் பயமா இல்லியா?”

“இருக்கு. என் காலைப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு.”

சந்திரகலா பார்த்தாள். பாவாடையே படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இப்படி நடுங்குகிறவளே உள்ளே வந்திருக்கிறாளே! சந்திரகலாவின் ஒரு கை கம்பியிலிருந்து இறங்கியது.

“சுவரோரமா, பெஞ்சு மேலேயே வாங்க. அவசரமே இல்ல.”

ஒரு பெஞ்சு. இன்னொரு பெஞ்சு. நாகத்தின் தலை அவர்கள் பக்கம் திரும்பியது.

“நில்லுங்க!”

இருவரும் சிலை போல நின்றார்கள். வெளியே ஒரு ரயில் எஞ்சின் புசுபுசுவென்று கடந்து போனது. தரை அதிர்ந்தது. நாகம் சீறியது. புஷ்பவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எஞ்சின் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. கண்ணைத் திறந்தபோது நாகம் படத்தைச் சுருக்கிக்கொண்டு மூலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

“இப்ப வாங்க.”

சந்திரகலா மீதி இரண்டு பெஞ்சுகளையும் தாண்டி வந்து, புஷ்பவல்லியின் கையைப் பிடித்தாள். வெளியே வந்த பிறகும் விடவில்லை.

டோரிஸ் டீச்சர் ஓடி வந்தார். பள்ளிக்கூடத் தோட்டக்காரர் அய்யாவு நீண்ட கம்போடு பின்னால் வந்து அறைக்குள் போனார். டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாரையும் பார்த்து முடித்தபோதுதான் புஷ்பவல்லி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார்.

சிறிது நேரம் கழித்து அய்யாவு வெளியே வந்தார்.

“மூலையில பலகை உடைஞ்சிருக்கு டீச்சரம்மா. அந்த வழியா லாலாங்குக்குள்ள போயிடுச்சு. புதுப் பலகை வச்சு ஆணி அடிச்சுட்டேன்.”

“சரி பிள்ளைங்களா, உள்ளே போகலாம்” என்றார் டோரிஸ் டீச்சர்.

ஒருத்தியும் அசையவில்லை. வள்ளியம்மா புஷ்பவல்லியைப் பார்த்தாள். பிலோமினா பார்த்தாள். சந்திரகலாவும் பார்த்தாள்.

“போகலாமா புஷ்பா?” என்று டீச்சர் அவளிடமே கேட்டார்.

புஷ்பவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தனியாக உள்ளே போனாள். மூலைக்குச் சென்று புதுப் பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பி வந்து வாசலில் நின்று, வரலாம் என்று தலையை ஆட்டினாள்.

இருபத்து மூன்று பேரும் வரிசையாக உள்ளே போனார்கள். அதுவரை காத்திருந்த டோரிஸ் டீச்சர், அவர்களுக்குப் பின்னால் போனார்.