பூட்டிய சலூனில் கூட்டம்

பூட்டிய கடைக்குள் கூட்டம் இருக்கிறது என்று புகார் கொடுத்தால், காவல் நிலையத்தில் முதலில் வாயை ஊதச் சொல்வார்கள். சலூன்காரரையும் ஊதச் சொன்னார்கள். ஊதிக் காட்டிவிட்டு அவர் நேராக வார்டன் வீட்டுக்கு வந்தார்.

வார்டன் கல்லூரி விடுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவரைப் பார்த்தே ஏறிக் குதித்தவன் யார் என்று சொல்லிவிடுவார். அப்படிக் குதித்தவர்களில் பலர் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். அவர்களும் இதை மறுப்பதில்லை. வார்டனின் மைத்துனருக்குச் சொந்தமாக ஒரு போன் கடை உண்டு. ஆனால் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அக்கா வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை கடை லீவு. பூட்டிட்டு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுப் போனேன். இதைப் பாருங்க" என்று சலூன்காரர் போனை நீட்டினார்.

வரைபடத்தில் அவர் கடை. அதன் கீழே கூட்டத்தைக் காட்டும் கட்டங்கள் உயர்ந்து நின்றன. 'வழக்கத்தைவிட அதிகக் கூட்டம்.'

"பூட்டின கடையில யாருண்ணே உக்காந்திருக்கா? பேய்க்கு எதுக்கு முடி வெட்டணும்? அதுக்குத் தலைவிரி கோலம்தானே அழகு!"

"கடை திறந்திருக்கும்போது?"

"ஈ ஓட்டுறேன். வீட்டைவிட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் போனைப் பாக்குறாங்க. 'ஐயோ, கூட்டம்'னு எதிர்க்கடைக்குப் போயிடுறாங்க. மழை முடிஞ்சதுலேர்ந்து இதே கதை. அடுத்த மாசம் கடையைக் காலி பண்ணணும்னு வீட்ல சொல்லிட்டா. அப்பா காலத்து நாற்காலியை எடைக்குப் போடப் போறாளாம்."

வார்டனின் முகம் முதல் முறையாக மாறியது. அந்த நாற்காலி அவருக்குத் தெரியும்.

"இது எப்படிக் கணக்குப் போடுது மாப்ளே?"

மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம போனெல்லாம் அதது எங்க இருக்குன்னு சத்தமில்லாம சொல்லிக்கிட்டே இருக்கும் அத்தான். யாருதுன்னு காட்டாது. இந்த இடத்துல இத்தனை போன் இருக்குன்னு மொத்தமாப் பாத்து, கூட்டமா இல்லையான்னு காட்டுவாங்க."

"அப்போ அது ஆளை எண்ணலை."

"ஆளும் போனும் இப்பல்லாம் எங்க பிரியுறாங்க அத்தான்?"

வார்டன் செருப்பை மாட்டினார்.

சலூன் மாறவே இல்லை. அதே பவுடர் வாசனை, அதே கைப்பிடி தேய்ந்த நாற்காலி. சிறுவர்களுக்காகக் குறுக்கே போடும் பலகைகூட மூலையில் சாய்ந்திருந்தது. சிறு வயதில் ஞாயிறுதோறும் வார்டன் ஈரத் தலையோடு இங்கே வந்து நிற்பார். "வாடா, தண்ணி தெளிக்கிற வேலை மிச்சம்" என்பார் சலூன்காரரின் அப்பா. அந்த வயதில் வார்டனுக்கு முடி அடர்த்தியாக இருந்தது என்பதை இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

வார்டன் அந்தப் பலகையைத் தடவிக்கொண்டு நின்றார். மைத்துனர் அதற்குள் மேசைக்குள் தலையை விட்டிருந்தார்.

"மாட்டிக்கிச்சு அத்தான்! எதிர்க்கடைக்காரன் ஒளிச்சு வெச்ச போன்!"

"அது எங்கப்பாவோடது" என்றார் சலூன்காரர். "உயிர் போய் ரொம்ப நாளாச்சு. போனைச் சொன்னேன். ரெண்டும்தான்."

மைத்துனர் அதை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்தார்.

பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதன் அடியில், நடுவில் குழிந்து தேய்ந்த ஒரு கல்படி. படியில் ஏறினால் கண்ணாடியில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். வார்டன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது.

"லாரிண்ணே" என்றார் சலூன்காரர்.

"இந்தச் சந்துலயா? நீயும் நானும் எதிர் எதிரே வந்தாலே ஒருத்தர் வயித்தை எக்கணும். சரி, எந்த நாள்ல கட்டம் இறங்குது?"

"வியாழன். அன்னிக்கு மட்டும் நாலு தலை வரும்."

"மத்த நாள்ல?"

"காலையிலயும் சாயங்காலமும் உச்சம். உச்சி வெயில்ல ஒண்ணுமில்ல."

"நாளைக்குச் சாயங்காலம் எதிர்க்கடைக்காரரையும் வரச் சொல்லு" என்றார் வார்டன்.

மறுநாள் எதிர்க்கடைக்காரர் வந்து, யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் ஒண்ணும் பண்ணலை" என்றார். வார்டன் கடைசியாக வந்தார். தோளில் துண்டு, தலையிலிருந்து நீர் சொட்டியது. கூடவே கழுத்தில் விசில் தொங்க ஒருவர். அவரைக் கண்டதும் சலூன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவனை எதுக்குண்ணே கூட்டிட்டு வந்தீங்க?"

"பின் தெருவுல இருக்கிற நீச்சல் குளத்து மாஸ்டர். எதிர்க்கடைக்காரர் நிரபராதி. உன் கூட்டம் இவர்கிட்டதான் இருக்கு" என்றார் வார்டன்.

"எப்படி அத்தான்?" மைத்துனருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஆளும் போனும் எங்க பிரியுறாங்கன்னு நேத்து கேட்டியே. தண்ணிக்குள்ள போனோட யாரு இறங்குவா? பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுத்தான் குதிப்பாங்க. மாஸ்டர், பெட்டியெல்லாம் முன்னாடி வாசல் பக்கம்தானே இருந்துது?"

"கூரை ஒழுகிச்சு சார். மழை முடிஞ்சதும் பின்சுவர் ஓரமா நகர்த்திட்டேன்."

"அந்தப் பின்சுவர்தான் இது." வார்டன் கண்ணாடியைக் காட்டினார். "குளிக்கிறவன் அங்கே. அவன் போன் மட்டும் சுவரோட ஒட்டிக்கிட்டு அசையாம கிடக்கு. ஒரு சுவர் கனத்தைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாம மெஷின் அதை உன் கடைக் கணக்குல எழுதுது. காலையும் சாயங்காலமும் நீச்சல் நேரம். வியாழக்கிழமை குளம் கழுவுற நாள்."

"என் குளத்தைக் காத்தாடுதுன்னு காட்டுறதும் அதனாலதானா?" மாஸ்டர் பொருமினார். "குளத்தை மூடிட்டீங்களான்னு தினம் நாலு பேரு கேக்குறான்!"

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி கிடுகிடுத்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு விடாமல்.

"உன் லாரி" என்றார் வார்டன். "சாயங்கால வகுப்புப் பசங்க பெட்டிக் கதவை அடிச்சுச் சாத்துறாங்க."

சலூன்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். "இத்தனை நாள் எனக்குத் தோணலையே!"

"எப்படித் தோணும்? அந்தத் தெருப்பக்கம் நீ காலே வைக்கிறதில்ல. உங்க அப்பாக்கள் போட்ட சண்டையை நீங்க ரெண்டு பேரும் அடகு வைக்காமக் காப்பாத்திட்டு வர்றீங்க. இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கதவு இருந்துது, ஞாபகம் இருக்கா? குளத்துலேர்ந்து ஏறி, துவட்டாம, இந்தப் படியில இறங்கி வரிசையா நிப்போம். எங்க கால்தான் இதைத் தேய்ச்சுது."

"வெட்டிக்கிட்ட பசங்க மறுபடியும் குளத்துல குதிச்சாங்க" என்றார் மாஸ்டர் சூடாக. "அத்தனை முடியும் மிதந்து வடிகாலை அடைச்சுது. எங்கப்பா குடம் குடமா இறைச்சார்!"

"அதுக்காகச் செங்கல் வெச்சு அடைப்பாரா உங்கப்பா?" என்றார் சலூன்காரர்.

"அடைச்சதே உங்கப்பாதான்யா!"

இருவரும் வார்டனைப் பார்த்தார்கள். அவருக்கு உண்மை தெரியும் போலிருந்தது, சொல்லவில்லை.

"மெஷின்கிட்ட கெஞ்ச வேண்டாம்" என்றார். "பெட்டியையும் வாசலுக்குத் திருப்ப வேண்டாம், கொஞ்சம் வழி விட்டாப் போதும். கண்ணாடியை நகர்த்து."

கொத்தனார் வந்தார். செங்கலை எடுத்ததும் குளத்தின் மருந்து வாசனை கடைக்குள் புகுந்து பவுடர் வாசனையோடு கலந்தது. வார்டன் கண்ணை மூடி நின்றார். தூசி பட்டுவிட்டதாகச் சொன்னார். கதவின் மேல் மாஸ்டர் ஒரு பலகை மாட்டினார்: 'முதலில் நீச்சல். பிறகுதான் முடி. திரும்பக் குதிக்கத் தடை.'

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் போனைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "அத்தான், இப்பவும் அதையேதான் காட்டுது. வழக்கத்தைவிட அதிகக் கூட்டம்!"

"இப்பதான் அது உண்மையைச் சொல்லக் கத்துக்கிச்சு" என்றார் சலூன்காரர், தலையைத் தூக்காமல். படியிலிருந்து வாசல்வரை ஈரத் தலைகள் நின்றன. இடம் கிடைக்காத ஒருவர் எதிர்க்கடைக்குப் போனார். எதிர்க்கடைக்காரர் அவரைச் சந்தேகத்தோடு வரவேற்றார்.

வார்டனின் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பிடியின் தேய்ந்த இடம் உள்ளங்கையில் சரியாகப் பொருந்தியது. காதோரமாக எஞ்சியிருந்த முடியிலிருந்து ஒரு சொட்டு கழுத்தில் இறங்கியது.

சலூன்காரர் தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். அந்தத் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, புட்டியைத் திரும்ப வைத்தார்.

"தண்ணி தெளிக்கிற வேலை மிச்சம்" என்றார், அப்படியே அப்பா குரலில்.