முதல் தம்ளர் உங்களுக்கு!

"ஐயோ... சார்ர்ர்!"

மூலிகைத் தோட்டத்தில் கிளம்பிய அலறல் கல்லூரி கேன்டீன் வரை கேட்டது.

உயிரியல் துறைத் தலைவர் டாக்டர் சங்கரசுப்பு, கல்லூரிக்குக் கிரேடு கொடுக்க வந்திருந்த ஆய்வுக்குழுவுக்கு ஆடாதொடையின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் நின்றார். நெஞ்சைப் பிடித்தார். கண்கள் செருகின.

அப்படியே ஆடாதொடை மேலேயே சாய்ந்தார்!

குழுத் தலைவர் தேஷ்பாண்டே பதறிப்போய்ப் பின்வாங்கினார். மாணவிகள் கத்தினார்கள். முதல்வர் ஆவுடையப்பன் மட்டும் சிரித்தார்.

"லோ சுகர் சார்... ஜஸ்ட் லோ சுகர்! லஞ்ச் ரெடி, வாங்க வாங்க!"

குழுவை அப்படியே திருப்பிக்கொண்டு நடந்தவர், பின்னால் நின்ற அட்டெண்டரிடம் பல்லைக் கடித்தார்.

"பின்வாசல் வழியா தூக்கிட்டுப் போங்கலே! சைரன் சத்தம் கேக்கப்படாது!"

ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் கிரேடு சாகக்கூடாது. அதுதான் முதல்வரின் கவலை.

தென்காசி அரசு மருத்துவமனையில் சங்கரசுப்புவைப் பார்த்த டாக்டருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. சுகரும் இல்லை, மாரடைப்பும் இல்லை...

விஷம்!

உடனே போலீசுக்குப் போன் செய்தார்.

*

இன்ஸ்பெக்டர் பீர் முகைதீன் மஃப்டியில் வந்தார். அது முதல்வரின் ஏற்பாடு.

"அண்ணாச்சி, காக்கிச்சட்டையைப் பாத்தா குழு மிரண்டுரும். பிள்ளையை சேக்க வந்த அப்பா மாதிரி வாங்க" என்று கெஞ்சியிருந்தார்.

கூட வந்த ஏட்டு பூலித்துரைக்கு அதில் பரம சந்தோஷம். பூப்போட்ட சட்டை போட்டிருந்தார்.

ஆய்வுக்கூடத்தில், ஜாடிக்குள் சுருண்டு கிடந்த பாம்புக்கு முன்னால் பியூலா உட்கார்ந்திருந்தாள். 

"நீங்கதான் பியூலாவா?"

"ஆமா சார்."

"இங்க என்ன வேலை?"

"கௌரவ விரிவுரையாளர்."

"கௌரவம்னா சம்பளம் எவ்வளவு மேடம்?" என்றார் பூலித்துரை.

"அதான் கௌரவம்னு சொல்லுதேனே ஏட்டையா."

பீர் முகைதீன் சிரிக்கவில்லை.

"காலையில வரவேற்புக்குக் கஷாயம் போட்டது நீங்கதானா?"

"ஆமா. துளசி, கற்பூரவல்லி, சுக்கு, கருப்பட்டி. வேற ஒண்ணும் போடல. ஒரே பாத்திரம் சார். குழு குடிச்சுது, பிரின்ஸிபால் குடிச்சார், நானும் குடிச்சேன்."

"குடிச்சவங்க எல்லாரும் தெம்பா பந்தியில உக்காந்திருக்காங்க. ஒருத்தர் மட்டும் சாகக் கிடக்கார். எப்படி?"

"தெரியல சார்..."

"அவர் கையில தம்ளரைக் குடுத்தது யாரு?"

"குழுத் தலைவர்."

"என்னது?"

"தட்டுல ஊத்தி வச்சிட்டு நான் ஹாலுக்குப் போயிட்டேன். ஹெச்.ஓ.டி. சாரே தட்டை எடுத்துட்டு வந்தார். முதல் தம்ளரை அவர் கையாலயே தேஷ்பாண்டே சாருக்கு நீட்டினார். அவரு, 'இந்தத் தோட்டத்தை உருவாக்கினதே நீங்கதான், முதல் தம்ளர் உங்களுக்கு'ன்னு திருப்பிக் குடுத்துட்டார். சார் வேண்டாம் வேண்டாம்னார். எல்லாரும் கை தட்டினோம். குடிச்சுட்டார்."

"போன வாரம் அவர்கிட்ட நீங்க சத்தம் போட்டியளாமே?"

பியூலா தலையைக் குனிந்தாள்.

"போட்டேன். நிரந்தர போஸ்ட் ஒண்ணு வந்துச்சு. பதினோரு வருஷமா அதுக்குத்தான் காத்துக் கிடந்தேன். அதைத் தன்னோட மச்சினன் மகனுக்கு வாங்கிட்டார். கோர்ட்டுக்குப் போவேன்னு சொன்னேன். நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்கன்னும்... சொல்லிட்டேன்."

"சொன்னீங்க. அவரும் நல்லா இல்ல."

போன் அடித்தது. டாக்டர். ஸ்பீக்கரில் போட்டார் இன்ஸ்பெக்டர்.

"நாடி விழுந்துகிட்டே இருக்கு சார்! ஓயாம வாந்தி. பூச்சிமருந்தா, செடியா, எதுன்னு தெரியாம நான் என்ன வைத்தியம் பாக்க? சீக்கிரம் கண்டுபிடிங்க, இல்லேன்னா சாயங்காலம் உங்களுக்கு கொலைக் கேஸ்!"

கொலை!

 சங்கரசுப்பு செத்தால் பியூலா கொலைகாரி. அவளை நம்ப ஒரு ஆள் கிடையாது. எந்த மனுஷனை இத்தனை வருஷமாக மனசுக்குள் கரித்துக் கொட்டினாளோ, அந்த மனுஷன் பிழைக்க வேண்டும் என்று இப்போது கர்த்தரிடம் மன்றாடினாள்.

"தோட்டத்தை ஒரு தடவை பாக்கணும் சார்..."

*

சாரல் தூறிக்கொண்டிருந்தது.

"தோட்டம் ஜோரா இருக்கே!" என்றார் பூலித்துரை.

"வாடகைத் தோட்டம் ஏட்டையா. குழு வருதுன்னா நர்சரியில இருந்து செடி வாடகைக்கு எடுப்போம். தொட்டியோட குழிக்குள்ள இறக்கி, மேல மண்ணைப் போட்டு மூடிருவோம். பேர் எழுதின போர்டு மட்டும்தான் எங்க சொந்தம்."

"கல்யாண வீட்டுக்கு நாற்காலி எடுக்க மாதிரி! நல்ல படிப்பும்மா."

பியூலா வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு செடியின் முன்னால் நின்றுவிட்டாள்.

கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணிய குட்டைச் செடி. ஒரு பூ கூட இல்லை. ஒரு கொம்பில் மட்டும் இலைகளை யாரோ உருவியிருந்தார்கள். காயம் இன்னும் பச்சையாக இருந்தது.

போர்டில் 'நிலாவாரை' என்று இருந்தது.

"சார்... இது நிலாவாரை இல்ல."

"பின்னே?"

 சொன்னால் இவள்தான் செய்தாள் என்பார்கள். சொல்லாவிட்டால் அந்த ஆள் செத்துப்போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிணறு!

ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். திறந்தாள்.

"அரளி சார். டாக்டர்கிட்ட அரளின்னு சொல்லுங்க... இப்பவே!"

இன்ஸ்பெக்டர் போனில் சொன்னார். அந்தப் பக்கம் டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"அப்படியா... அதுக்கு மாத்து மருந்து இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாது. திருநெல்வேலிக்கு அனுப்புதேன், பேஸ்மேக்கர் வச்சுப் பாக்கட்டும். பிழைச்சா அவர் அதிர்ஷ்டம்."

போனை வைத்த பீர் முகைதீன், பியூலாவை நிதானமாகப் பார்த்தார்.

"போர்டுல நிலாவாரைன்னு எழுதியிருக்கு. நீங்க அரளிங்கீங்க."

"காலையில முன்வாசல் சகதியாயிருச்சு சார். குழுவை லைப்ரரி பக்கமா கூட்டிட்டு வாங்கன்னுட்டார் பிரின்ஸிபால். அந்தப் பக்கமா வந்தா போர்டு எல்லாம் முதுகைக் காட்டுது. பையங்க அவசர அவசரமா பிடுங்கி, திருப்பித் திருப்பி நட்டாங்க. இந்த வரிசை மட்டும் ஒரு செடி தள்ளிப்போயிருச்சு. அரளிக்குப் பக்கத்துல நிக்குது பாருங்க, அதுதான் நிசமான நிலாவாரை."

"போர்டே பொய்! அப்ப இது அரளின்னு இந்தக் காலேஜ்ல எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எங்க துறையில தாவரவியல் நான் ஒருத்திதான். ஹெச்.ஓ.டி. விலங்கியல். தவளையில டாக்டர் பட்டம் வாங்கினவர்."

"ஆக, விஷச்செடியைத் தெரிஞ்சு பறிக்கக்கூடிய ஒரே ஆளு... நீங்க!"

"சார்! போர்டைப் பாத்து யாராவது தெரியாம பறிச்சிருக்கலாம்லா? நிலாவாரை வெறும் பேதிக்குக் குடுக்கறது சார்!"

"குழு வந்திருக்கிற அன்னைக்கு யாரும்மா வந்து பேதி இலையைப் பறிக்கப் போறான்? எதுக்கு?"

 பியூலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"உள்ள வந்து இதையெல்லாம் எழுதிக் குடுங்க. பூலித்துரை, கேமராவோட ஆளை வரச் சொல்லும். செடியையும் போர்டையும் படம் எடுக்கணும்."

அவள் அழுது அழுது எழுதி முடித்தாள். கேமராக்காரர் வந்து சேர்ந்தார். எல்லோரும் தோட்டத்துக்கு நடந்தார்கள்.

அங்கே...

தோட்டம் இல்லை!

குழிகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. போர்டுகள் ஒரு மூலையில் விறகுக்கட்டாகக் குவிந்து கிடந்தன. வாசலில் ஒரு மினிவேன், வாலாட்டும் இலைகளோடு ரோட்டில் திரும்பி மறைந்தது.

"யோவ் பிரின்ஸிபால்!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

ஆவுடையப்பன் ஏப்பம் விட்டபடி ஓடி வந்தார்.

"ஏன் அண்ணாச்சி பதறுதிய? வாடகை மத்தியானம் வரைக்கும்தான். நாளைக்கு இதே குழு பக்கத்து ஊரு காலேஜுக்குப் போகுது... செடி முன்னாடியே போய் நிக்கணும்லா?"

"அது சாட்சியம்வே!"

"எங்களுக்கு அது அரை நாள் வாடகை!"

இன்ஸ்பெக்டர் வேனைத் துரத்த ஆள் அனுப்பினார். பிரயோசனம் இல்லை. நர்சரியில் எல்லா அரளியும் ஒரே மாதிரி கவாத்து. இங்கே நின்றது எது என்று டிரைவருக்கே தெரியவில்லை. நர்சரிக்காரர் எல்லாவற்றையும் மறுபடி ஒட்ட நறுக்கி, தண்ணீர் தெளித்து வைத்துவிட்டார்.

பியூலா ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொன்னது நிசம் சார்" என்றாள். "ஆனா இனி அது எனக்கு மட்டும்தான் நிசம்."

பீர் முகைதீனுக்கு அவளை நம்பத்தான் தோன்றியது. நம்பி என்ன செய்ய? கோர்ட்டில் நம்பிக்கையை எக்ஸிபிட் நம்பர் போட்டு வைக்க முடியாதே!

"வீட்டுக்குப் போங்க. ஊரை விட்டுப் போகாதீங்க. அவரு செத்துட்டா... என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. இப்பவே சொல்லிட்டேன்."

*

மறுநாள் காலை. திருநெல்வேலி மருத்துவமனை.

வராண்டா பெஞ்சில் பியூலா. பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

டாக்டர் வெளியே வந்தார்.

"கண் முழிச்சுட்டார். பொழைச்சுக்குவார்."

பியூலா வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"என்ன விஷம்னு அவர்கிட்ட சொன்னீங்களா டாக்டர்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்லியே. இப்பதான் முழிச்சார். பெரிய ஆபத்துல இருந்து தப்பிச்சீங்கன்னு மட்டும் சொன்னேன்."

உள்ளே சங்கரசுப்பு ஒயர்களுக்கு நடுவே படுத்திருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் குரல் எழும்பியது.

"சார்... அவளை விடாதீங்க... அந்த பியூலாவை!"

"அவங்கதான் செஞ்சாங்கன்னு உறுதியா தெரியுமா?"

"தெரியும்! போஸ்ட் கிடைக்கலைன்னு கோவம். என்னைக் கொல்லப் பாத்துட்டா. அவ வேலை போகணும்... ஜெயிலுக்குப் போகணும்!"

"எப்படிக் கொல்லப் பாத்தாங்க?"

"எப்படின்னா... கஷாயத்துல அந்த நிலாவாரை இலையை அளவுக்கு மீறி அரைச்சுக் கலந்திருக்கா! வயித்தைப் பொரட்டும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு!"



பீர் முகைதீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சங்கரசுப்பு சார்... நீங்க குடிச்சது அரளி."

"எ... என்னது?"

"அரளி! அது டாக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பியூலாவுக்குத் தெரியும், அவங்க சொல்லித்தான் நீங்க இன்னைக்கு மூச்சு விடுதீங்க. அதை நிலாவாரைன்னு நம்புற ஆளு ஒருத்தன்தான் இருக்க முடியும்... போர்டைப் படிச்சுட்டுப் பறிச்சவன்!"

"அரளியா?!"

நாடி பார்க்கும் மெஷின் பீப் பீப் என்று வேகமெடுத்தது. டாக்டர் ஓடி வந்தார். சங்கரசுப்புவின் முகம் வெளிறிவிட்டது.

"நான்... நான் கொல்லணும்னு நினைக்கல சார்! தேஷ்பாண்டேக்குக் குடுக்கத்தான் கலந்தேன். மிஞ்சிப் போனா வயித்தால போகும்... பழி பியூலா மேல விழும், அவளை வெளிய தள்ளிரலாம், கேஸு கீஸுன்னு போக மாட்டா, மச்சினன் மகனுக்கு தொந்தரவு இருக்காதுன்னு நினைச்சேன். அந்த ஆளு என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டான்! அத்தனை பேரு கை தட்டுதாங்க... எப்படி வேண்டாம்பேன்? சரி, ஒரு பேதிதானேன்னு குடிச்சுட்டேன் சார்!"

"மூலிகைத் தோட்டத்தை உருவாக்கினவர்னு கைதட்டு வாங்கினீரே வே!" என்றார் பூலித்துரை.

"போர்டு இருந்துச்சே..." என்று முனகினார் சங்கரசுப்பு.

*

போலீஸ் ஜீப் பியூலாவைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டது.

முதல்வர் ஆவுடையப்பன் லட்டுத் தட்டோடு ஓடி வந்தார்.

"வாம்மா பியூலா! கிரேடு கிடைச்சுரும்னு உறுதியா சொல்லிட்டுப் போயிருக்காங்க! மூலிகைத் தோட்டத்தை ஸ்பெஷலா பாராட்டினாங்க!"

பியூலா வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த குழிகளைப் பார்த்தாள்.

"சார்... ஹெச்.ஓ.டி.யை அரெஸ்ட் பண்ணப் போறாங்க. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். அந்த போஸ்ட் இனிமேயாவது..."

ஆவுடையப்பன் லட்டுத் தட்டைக் கீழே இறக்கினார்.

"நிர்வாகக் கமிட்டி ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சும்மா. கேஸ் சங்கரசுப்பு மேல. அவன் மச்சினன் மகன் மேல என்ன கேஸ் இருக்கு, சொல்லு?"

 ஜெயிலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். மற்றபடி நேற்று நின்ற இடத்திலேயேதான் நிற்கிறாள். 

ஜீப்பை ஸ்டார்ட் செய்த பூலித்துரை ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பீர் முகைதீனாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் செக்ஷன் இல்லை.

அப்போது மொடமொட சட்டையில் ஓர் இளைஞன் காம்பவுண்டு ஓரத்திலிருந்து வந்தான். இசக்கிராஜ். சங்கரசுப்புவின் மச்சினன் மகன். முகத்தில் களைப்பு, கையில் பறித்த இலைக்கொத்து.

"வணக்கம் மேடம்! இன்னைக்குத்தான் ஜாயின் பண்ணினேன். மாமா இல்லாததால துறைக்கு நான்தான் பொறுப்புன்னுட்டாங்க. மாமாவுக்காக ராத்திரி பூரா அலைஞ்சு தலைவலி கொல்லுது. நீங்க கஷாயம் பிரமாதமா போடுவீங்களாமே! அந்த வேலியோரம் தளதளன்னு நின்னுச்சு, இந்த இலையைப் போட்டு ஒரு தம்ளர் குடுங்களேன்..."

கொத்தை அவள் கையில் திணித்தான்.

"அப்படியே, இது என்ன இலைன்னும் சொல்லிருங்க மேடம்!"

பியூலா இலையைப் பார்த்தாள். நேற்றுத் தோட்டத்தில் பார்த்த அதே நீள இலை. அவனைப் பார்த்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு புன்னகை மெல்லப் பரவியது.

ஜீப்பிலிருந்து அதைக் கவனித்த இன்ஸ்பெக்டர் பீர் முகைதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஜீப்பை ஆஃப் பண்ணும் பூலித்துரை... டீசல் செலவு எதுக்கு, அடுத்த கேஸ் இங்கேயே கொதிக்கப் போகுது!"