சைல்ட் லாக்

அந்தப் பழைய வீட்டின் கார் கொட்டகைக்குள் நுழைந்ததுமே மெக்கானிக்கின் மூக்கு விடைத்தது. பழைய வண்டிகளை மோந்து பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவார் என்பதால் அவருக்கு 'மோப்பம்' என்றே பெயர். அவருடைய தங்கை, மகளின் கையைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருப்பது அந்தச் சின்னப் பெண் ஒன்றுதான்.

"பளபளன்னு இருக்கேண்ணே. எடுத்துரலாமா?"

"தானமா வந்த மாட்டுக்குத்தான் பல்லைப் பார்க்கக் கூடாது. இது நீ வாங்கப்போற மாடு. சும்மா இரு."

வண்டியின் காகிதங்களை எடுத்துவர விற்பவர் வீட்டுக்குள் போயிருந்தார். தங்கை மகளுக்குத் தண்ணீர் கொடுக்க வாசலுக்குப் போனாள்.

மோப்பம் வண்டிக்குள் உட்கார்ந்து, கதவுகளைச் சாத்திக்கொண்டு மூச்சை இழுத்தார். மேலாக சென்ட் வாசனை. அதற்கடியில், என்ன தெளித்தாலும் போகாத சேற்று வாடை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் காய்ந்து அப்பியிருந்தது. முழுசாகத் தண்ணீருக்குள் கிடந்த வண்டி! பெயின்ட் அடித்து, சீட் உறையை மாற்றி, சிங்காரித்து நிறுத்திவிட்டார்கள் படுபாவிகள்.

அதோடு கிளம்பியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, பழக்க தோஷத்தில் பின்கதவையும் திறந்து பார்த்தார். ஓரத்தில் சைல்ட் லாக் போட்டிருந்தது. அது போட்டிருந்தால், உள்ளே இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. துருவேறிய அந்தச் சின்ன நெம்புகோலை விடுவித்து, வெளியே நின்று கதவைச் சாத்தினார்.

உள்ளே கைப்பிடி இழுபட்டது.

மறுபடியும்.

கதவு மெல்லத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. சேற்று வாடை மட்டும் வெளியே வந்து, அவரைத் தாண்டி வாசல் பக்கமாகப் போனது.

காகிதங்களோடு வந்த விற்பவர் திறந்த கதவைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"அதை எதுக்குங்க தொட்டீங்க?" என்றார் கிசுகிசுப்பாக. "எனக்கு வித்தவரு அதை மட்டும் எடுத்துராதீங்கன்னு சொன்னாரு. அவருக்கு வித்தவரும் அதான் சொன்னாராம்."

"பின்சீட்ல யாரு இருந்தா?"

"சின்னப் பையன். முன்சீட்ல இருந்தவங்க தப்பிச்சிட்டாங்க."

மோப்பம் வாசலுக்கு ஓடினார். "இது வேண்டாம்மா, வேற பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி, தங்கையையும் குழந்தையையும் தன் காரில் ஏற்றினார். வழியெல்லாம் பின்சீட்டில் குழந்தை ஓரமாக ஒட்டிக்கொண்டே வந்தாள். ஏன் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீடு வந்தது. தங்கை வாசல் கதவைத் திறக்க முன்னால் போனாள். குழந்தை இறங்கியதும், பாரம் குறைந்த வண்டி பின்பக்கம் ஒரு நூல் அளவு உயர்ந்தது. அவள் கார் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"சாத்திட்டு வாம்மா."

"இருங்க மாமா. அவன் இன்னும் இறங்கல."

வண்டி இன்னொரு நூல் உயர்ந்தது.

ஆள் இறங்கினால் வண்டி எப்படி எழும்பும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்று தங்கை வாசல் கதவை அகலத் திறந்தாள்.

கூப்பிடாதே என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் குழந்தை, யாருக்கோ கை கொடுத்தபடி படியேறினாள். அவளுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு படியிலும் சேற்று ஈரம் படிந்துகொண்டே போனது.